சாவி வேண்டாத கடிகாரம்

"அந்தக் கோடியில தண்ணி கேன் இருக்குது பாருங்க, அது வரைக்கும் நடந்து போயிட்டுத் திரும்பி வாங்கம்மா. அவசரமில்லை. வீட்டுல எப்படி நடப்பீங்களோ அப்படி" என்று டாக்டரம்மா சொன்னதும் சுலோச்சனா செருப்பைக் கழற்றிச் சுவரோரம் விட்டுவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வராந்தாவில் இறங்கினாள். நாச்சிமுத்து அவளுடைய கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். வீட்டில் நடப்பது போல நட என்றால் ஒரு மனுஷி எப்படி நடப்பாள், வீட்டில் எப்படி நடக்கிறோம் என்று யார்தான் கவனித்து வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது. பம்புக் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்து இறங்குகிற சரக்கில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது தவிர வேறு வேலை அவருக்குத் தெரியாது. கம்பெனியை விட்டு வந்த பிறகு பேங்கு, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று போகிற இடமெல்லாம் அதையே செய்துகொண்டிருந்தார். இந்த டாக்டரம்மாவிடமும் உட்கார்ந்த உடனே ஒரு குறை கிடைத்துவிட்டது. மணிக்கட்டில் கறுப்பாக ஒரு சதுரம். ராத்திரி சார்ஜ் போட்டால்தான் காலையில் மணி காட்டும். எத்தனை அடி நடந்தாய், எவ்வளவு தூங்கினாய் என்று அது கட்டினவனுக்கே கணக்குச் சொல்லும். அதைக் கடிகாரம் என்று சொல்ல அவர் நாக்கு மடங்காது. யாரைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் மணிக்கட்டுக்குத்தான் போகும், முகத்துக்கு அப்புறம்தான். பங்காளி வீட்டுச் சாவுக்குப் போனபோது கிடத்தியிருந்தவர் கையில் பழைய ரிக்கோ வாட்ச் ஒன்று அப்படியே இருக்க, குளிப்பாட்டும்போது தண்ணீர் உள்ளே இறங்கிவிடுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதைச் சுலோச்சனாவிடம் சொன்னதற்கு அவள் சிரித்த சிரிப்பு. "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட என்ற மூஞ்சியப் பாத்திருக்க மாட்டீங்க, எங்கப்பன் கையத்தான் பாத்திருப்பீங்க" என்றாள். அது உண்மைதான். மாமனார் கையில் ஒரு ஃபேவர் லூபா வாட்ச் இருந்தது. தங்க முலாம், ஓரம் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. சுலோச்சனா அன்றைக்கு என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள் என்று கேட்டால் இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

"இடது கை வீசலை, பாருங்க சார்" என்றார் டாக்டரம்மா. மெதுவாகத்தான் சொன்னார், சுலோச்சனாவுக்குக் கேட்காதபடி. அவள் பாதி தூரம் போயிருந்தாள். வலது கை முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருந்தது, எல்லாருக்கும் போவது போல. இடது கை முழங்கையில் லேசாக மடங்கி விலாவை ஒட்டி நின்றது, அந்தக் கைக்கும் அந்த நடைக்கும் சம்பந்தமே இல்லாதது போல. தோள்பட்டை வலிங்க, அதுதான், என்று நாச்சிமுத்து சொன்னார். தோள்பட்டை வலிதான் இத்தனை நாளும். நம்ம குடும்ப டாக்டர் எண்ணெய் எழுதிக் கொடுத்தார், மாத்திரை கொடுத்தார், பிசியோதெரபிக்காரப் பெண் வீட்டுக்கே வந்து கையைத் தூக்கு இறக்கு என்று பழக்கிவிட்டுப் போனாள், ஒன்றும் நடக்கவில்லை, கடைசியில் எதற்கும் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்துவிடுங்களேன் என்று சொன்னதால்தான் இங்கே வந்தது. ஏதோ நரம்பு பிசகியிருக்கும், ஊசி போட்டால் போய்விடும். வெளியே உட்கார்ந்திருந்தபோதுகூட அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே வந்த பிறகு டாக்டரம்மா தோளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சம்பந்தமில்லாமல் என்னென்னவோ கேட்டார். "வாசனையெல்லாம் நல்லாத் தெரியுதாம்மா?" என்றார். அதற்குச் சுலோச்சனா, "காப்பி வாசமே தெரியறதில்லீங்க, ரெண்டு மூணு வருசம் இருக்கும். ரசத்துக்குப் பெருங்காயம் போட்டமா இல்லையான்னு டப்பாவத் திறந்து பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன்" என்றாள். நாச்சிமுத்து நாற்காலியில் திரும்பி அவளைப் பார்த்தார். இவள் எந்த வீட்டில் இருக்கிறாள், நான் எந்த வீட்டில் இருக்கிறேன். அந்த வாசனைக் கேள்விக்குப் பிறகு டாக்டரம்மா ஒரு மாதிரி தலையாட்டிக்கொண்டார், அந்தத் தலையாட்டல் அவருக்குப் பிடிக்கவில்லை. கம்பெனி முதலாளியின் அண்ணன் ஒருவர் இருந்தார். காப்பி டம்ளரைத் தூக்கினால் பாதி வேட்டியில்தான் இருக்கும், கை அப்படி ஆடும். கடைசியில் ஆபீசுக்கு அவரைத் தூக்கி வந்து உட்கார வைத்துத் தூக்கிப் போனார்கள். அந்தச் சீக்குக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை அவர் மனசுக்குள்கூடச் சொல்லவில்லை. அதற்குக் கை ஆட வேண்டும். இவளுக்கு ஆடவில்லையே. ஆடவே இல்லையே. இடது கை வீசலை, பாருங்க சார். வீசினால் என்ன வீசாவிட்டால் என்ன, பொம்பளைகள் பாதிப் பேர் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். வீசாமலே இருந்தால் என்ன ஆகும். அது நின்று போகும். எது நின்று போகும் என்று அவர் அங்கேயே மனசை இழுத்துப் பிடித்தார். வராந்தாவில் யாரோ டெட்டால் ஊற்றித் துடைத்திருந்தார்கள், அந்த வாசம் குப்பென்று அடித்தது, இதுவும் அவளுக்குத் தெரியாதோ என்னவோ.

வீட்டுக்கு யார் வந்தாலும் நாச்சிமுத்து ஒரு பிரசங்கம் செய்வார். தப்பித்துப் போனவர்கள் குறைவு. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு, கேஸ் அடுப்பு ரிப்பேர்க்காரன், மகளின் மாமனார் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். கண்ணாடி பீரோவைத் திறந்து, பூ வேலை செய்த மெத்தைத் துணியில் வரிசையாகப் படுத்திருக்கிற பழைய ஆட்டோமேட்டிக் கடிகாரங்களில் ஒன்றைக் கையில் எடுத்து, பின்மூடியைத் திறந்து காட்டுவார். உள்ளே அரைவட்டமாக ஓர் எடை. கை ஆட ஆட அது சுற்றும், அது சுற்றச் சுற்ற ஸ்பிரிங் இறுகும், ஸ்பிரிங் இறுகினால் கடிகாரம் ஓடும். பேட்டரி கிடையாது, தினமும் சாவி கொடுக்கிற வேலை கிடையாது. "கட்டியிருக்கிறவரு நல்லா நடமாடிட்டிருந்தாப் போதுமுங்க, வேற ஒண்ணும் வேண்டியதில்லை" என்று முடிப்பார். உக்கடத்தில் ஞாயிற்றுக்கிழமை தரையில் துணி விரித்துப் போடுகிற பழைய சாமான் கடைகளிலும், துபாயிலிருந்து திரும்பி வந்தவர்களின் அலமாரிகளிலும் தேடித் தேடிச் சேர்த்தவை அத்தனையும். எல்லாவற்றையும் ஒரு ஆள் கட்டி ஓட்ட முடியுமா. முறை வைத்துத் தினம் ஒன்றாகக் கட்டுவார். மற்றவை நின்று போய்க் கிடக்கும். என்றைக்கும் நிற்காமல் ஓடியது ஒன்றே ஒன்றுதான், சுலோச்சனாவுடையது. ஜப்பான்காரன் பெண்களுக்கென்று செய்த சின்ன ஆட்டோமேட்டிக், ஒரு ரூபாய்க் காசு அகலம், நீல முகம், சாவி திருகினாலும் ஏறாத ரகம், ஆட்டம் ஒன்றுதான் அதற்குச் சோறு. சிங்கப்பூரில் நர்ஸாக இருந்து வந்த ஓர் அம்மாளிடம் வாங்கி வந்து பீரோவில் வைக்கப் போனவரைத் தடுத்து, "இதை நான் கட்டிக்கட்டுங்களா?" என்று கேட்டாள். அத்தனை வருஷத்தில் அவள் கேட்டு வாங்கிக்கொண்ட கடிகாரம் அது ஒன்றுதான். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது கழற்றி ஜன்னலில் வைப்பாள், மற்ற நேரமெல்லாம் கையில். மாவு பிசைகிற கை, துணி பிழிகிற கை, மாடிப் பூந்தொட்டிக்குத் தண்ணீர் சுமக்கிற கை. நண்பர்களிடம் அவர் சொல்வார், என்னிடம் இருப்பதிலேயே நேரம் தவறாமல் ஓடுவது வீட்டுக்காரி கையில் இருப்பதுதான் என்று. அவள் உள்ளே இருந்தே குரல் கொடுப்பாள், "வேல செய்யற கைங்க, ஓடாம என்ன பண்ணும்?" வலது கைக்காரி. எல்லாரையும் போல இடது கையில்தான் கட்டியிருந்தாள்.

இடது கையில்தான் கட்டியிருந்தாள். அதை யோசிக்க வேண்டாம் என்றால் மனசு அங்கேயே போய் நிற்கிறது, செக்குமாடு மாதிரி. அவள் இன்னும் தண்ணீர் கேனுக்குப் போய்ச் சேரவில்லை. இவ்வளவு மெதுவாகவா நடக்கிறாள், இவளோடு காய்கறி மார்க்கெட்டுக்குப் போனால் பின்னால் ஓட வேண்டியிருக்குமே, அது எப்போது நின்றது. அவள் கடிகாரம் நின்ற அன்றைக்கு ஆயுத பூஜை. மற்ற வீடுகளில் அரிவாள்மனைக்கும் வண்டிக்கும் பொட்டு வைப்பார்கள், அவர் வீட்டில் கூடவே கடிகாரங்களுக்கும் உண்டு. பலகையில் வெள்ளைத் துணி விரித்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, கண்ணாடியில் படாமல் வாரில் மட்டும் ஒரு துளி சந்தனம். சுலோச்சனா பொரி கடலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் கையிலிருந்ததையும் கழற்றி அந்த வரிசையில் வைத்தாள். அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தவர், "என்ன புள்ள, நின்னு போச்சு" என்றார். நீல முகத்தில் மணி ஏதோ ராத்திரி நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து கையில்தான் கிடந்தது, நின்று போனதை அவளும் பார்க்கவில்லை. அன்றைக்கு அவருக்குப் பண்டிகையே பண்டிகையாக இல்லை. வாங்கின நாள் முதல் ஓடுவது, நல்ல நாளும் அதுவுமாக. அவரே ஆட்டிவிட்டு, தன் கையில் கட்டிக்கொண்டு இரண்டு நாள் திரிந்தார். அந்தச் சின்னக் கடிகாரத்தைப் பார்த்துப் பால் பூத்தில் ஆட்கள் சிரித்தார்கள். நன்றாக ஓடியது. அவள் கையில் கட்டினால் மறுநாள் காலையில் நின்றது. திரும்ப அவர் கையில் ஓடியது. திரும்ப அவள் கையில் நின்றது. எவனுக்கும் இந்த இடத்தில் புத்தி வந்திருக்க வேண்டும். வாட்ச் ஒன்றே, கைகள் இரண்டு, ஒரு கையில் ஓடுகிறது, ஒரு கையில் நிற்கிறது; பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்டால்கூடக் கையைப் பார் என்று சொல்லியிருக்கும். நாச்சிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். சரக்கில்தானே குறை இருக்கும். ஒப்பணக்கார வீதியில் செல்லதுரையின் வாட்ச் ரிப்பேர் கடையில் கொடுத்து, கழுவி எண்ணெய் விட்டு வாங்கி வந்தார். நின்றது. திரும்பக் கொண்டுபோய், என்ன வேலை பார்க்கிறாய் என்று கடை வாசலில் சத்தம் போட்டார். அவனும் சளைக்காமல் மறுபடி கழற்றி மறுபடி மாட்டி, இப்போது பாருங்கள் என்றான். அதுவும் நின்றது.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் குழு. கோயம்புத்தூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற பழைய ஆட்டோமேட்டிக் பிரியர்களெல்லாம் கூடிப் பேசுகிற குழு. எல்லாம் ரிட்டயர்டு ஆசாமிகள், பொழுது போகாதவர்கள். வீட்டம்மா கையில் மட்டும் ஓட மாட்டேன் என்கிறது என்று அவர் போட்டதும் வைத்தியம் குவிந்தது. வார் தொளதொளவென்று இருக்கும், ஒரு கண்ணி எடுத்துவிடுங்கள். இண்டக்ஷன் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றால் காந்தம் ஏறிவிடும். உள்ளே சுற்றுகிற எடையின் பல் தேய்ந்திருக்கும். பொள்ளாச்சிக்காரர் ஒருவர், 'மேடம் கையை ஆட்டி வேலை செய்யறதில்லையோ' என்று போட்டுச் சிரிப்புப் பொம்மை நாலு வைத்தார். அதை அவர் அடுக்களைக்குப் போய்ச் சுலோச்சனாவுக்கு வாசித்துக் காட்டினார். வாசித்துக் காட்டினார், கடவுளே. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். அதோடு விட்டாரா. சாப்பிடும்போது, "அவரு சொல்றதும் வாஸ்தவந்தான் புள்ள. நீ அந்தக் கையக் கட்டிப்போட்ட மாதிரி வெச்சுட்டு நடக்கற. கொஞ்சம் வீசி நட. வீசினாத்தானே அது ஓடும்" என்றார். இப்போது வராந்தாவில் நின்றுகொண்டு அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்த விதம், சாம்பார் ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னது, அவருக்கு அப்படியே கேட்டது. படித்துப் பட்டம் வாங்கி இத்தனை மெஷின் வைத்திருக்கிற டாக்டரம்மா இன்றைக்குச் சொன்னதை அவர் என்றைக்கோ சொல்லிவிட்டார். சொன்னார், ஆனால் கடிகாரத்துக்காகச் சொன்னார். மறுநாள் சாயங்காலம் மொட்டை மாடியில் அவள் போலீஸ்காரர்கள் பரேடு போவது மாதிரி இரண்டு கையையும் வீசி வீசி நடந்து காட்டினாள், இவர் லெஃப்ட் ரைட் சொன்னார், துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலு நடை நடந்ததும் வலது கை மட்டும் வீசிக்கொண்டிருந்தது. இடது கை தானாக அடங்கிவிட்டது. "மறந்து போகுதுங்க" என்றாள். கையை வீச ஒருத்தி மறப்பாளா. நடக்க மறப்பாளா, மூச்சு விட மறப்பாளா. அவர் அதற்கும் சிரித்தார்.

சுலோச்சனா தண்ணீர் கேனை அடைந்து, தொட்டுவிட்டுத் திரும்பினாள். ஒரே திருப்பில் திரும்பவில்லை. சின்னச் சின்னதாகக் காலை எடுத்து வைத்து, குறுகலான சந்தில் பஸ்ஸை ஒடித்துத் திருப்புகிற மாதிரி, நாலைந்து தவணையாகத் திரும்பினாள். டாக்டரம்மா அதையும் பார்த்துக்கொண்டார். இப்போது முகம் தெரிந்தது. அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகவே அப்படித்தான், கோபமா வருத்தமா என்று ஒன்றும் தெரியாமல் வழித்துவிட்ட மாதிரி. அவர் ஏதாவது வேடிக்கை சொன்னால் வாய் மட்டும் சிரிக்கும், கண்ணுக்கு வராது. வீடு நிறையப் பழைய கடிகாரத்தைக் கொண்டுவந்து அடைக்கிறாரே என்று மனசுக்குள் கறுவிக்கொண்டிருக்கிறாள் போல என்று அவர் எடுத்துக்கொண்டார். என்ன கோபம் என்று கேட்டால் "ஒண்ணுமில்லீங்களே" என்பாள், அதே வழித்துவிட்ட முகத்தோடு. ரோஷத்தில் அவரும் ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தார். சாப்பாட்டுத் தட்டை நகர்த்துவது, டம்ளரை ணங்கென்று வைப்பது, எல்லாம் செய்தார். அந்தச் சீக்கு முகத்துக்கும் சேர்த்துத்தானோ. முகமும் அப்படித்தான் நின்று போயிற்றோ. அவள் வந்துகொண்டிருந்தாள். வலது கை வீசி வீசி வந்தது, அதில் அந்த நீல முகம் ஒரு தடவை மினுங்கியது. வலது கையில். அவர் கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். செல்லதுரை மூன்றாம் தடவை மெயின் ஸ்பிரிங்கையே மாற்றினான். அதற்காகப் பீரோவிலிருந்து அதே ரகத்தில் இன்னொன்றை எடுத்து அவர் பலி கொடுத்தார், பழுதில்லாத கடிகாரத்தை, மனசு பதறப் பதற. அதற்குப் பிறகு ஓடியது. இரண்டு நாள், மூன்று நாள், ஒரு வாரம், நிற்கவே இல்லை. குழுவில் போட்டோ போட்டு 'மெயின் ஸ்பிரிங்தான் கோளாறு, நான் முதலிலேயே சொன்னேன்' என்று எழுதினார், கைதட்டல் பொம்மைகள் வந்து குவிந்தன, பொள்ளாச்சிக்காரர்கூடத் தட்டினார். அன்றைக்கு அன்னபூர்ணா ஓட்டலிலிருந்து ஜாங்கிரி வாங்கி வந்தார். ஜாங்கிரியை அவள் வலது கையால் எடுக்கும்போதுதான் பார்த்தார், கடிகாரமும் அதே கையில் இருப்பதை. "என்ன புள்ள, கை மாத்திட்ட?" என்றார். "அந்தக் கையில அரிக்குதுங்க, சொறி மாதிரி. கொஞ்ச நாளைக்கு இதுல கெடக்கட்டும்" என்றாள். ஸ்டீல் வாரில் நிக்கல் இருக்கும், சில உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவர் ஒரு விளக்கம் கொடுத்து, மருந்துக்கடைக்குப் போய்க் களிம்பும் வாங்கி வந்தார். அந்தக் களிம்பு பிரிக்காமலே கிடந்தது. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. அடுக்களை மேடை விளிம்பில் மணிக்கட்டை அழுத்தி அவள் கொக்கியை மூடுவதைப் பார்த்துவிட்டு, கல்லில் உரசிக் கீறல் விழும், விரலால் மூட மாட்டாயா என்று கத்தினாரே, அதற்கும் இருந்தது. கவனம் பத்தாது பொம்பளைகளுக்கு.

"நல்லா நடந்தீங்கம்மா. உக்காருங்க" என்றார் டாக்டரம்மா. சுலோச்சனா செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பரீட்சை எழுதிவிட்டு வந்தவள் போல நாச்சிமுத்துவை ஒரு பார்வை பார்த்தாள், சரியா நடந்தேனா என்று. அவர் தலையை ஆட்டினார். டாக்டரம்மா மேஜையில் கை கோத்துக்கொண்டு, இந்தக் கை இப்படி அடங்கிப் போனது எப்போதிலிருந்து என்று கேட்டார், தோராயமாகச் சொன்னால் போதும் என்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் சுலோச்சனா முந்திக்கொண்டாள். "இப்பத்தானுங்க. ரெண்டு மூணு மாசமிருக்கும். அதுக்கு முந்தி நல்லாத்தான் இருந்துச்சுங்க." சொல்லிவிட்டு இவர் பக்கம் திரும்பவில்லை. அப்போதுதான் நாச்சிமுத்துவுக்குப் புரிந்தது. இவளுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். அரிப்புமில்லை, சொறியுமில்லை. அவர் பேசாமல் இருந்திருக்கலாம், டாக்டரம்மா இரண்டு மூன்று மாசம் என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார், ஒரு குடியும் முழுகியிருக்காது. சொன்னால் இவள் எதிரில் சொல்ல வேண்டும். உன்னை விட்டுவிட்டுக் கடிகாரத்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இவளுக்குத் தப்பான மருந்து கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது, அது வேறு.

"போன வருசத்துக்கு முந்தின வருசம் ஆயுத பூஜையிலிருந்துங்க" என்றார்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "அவ்வளவு கரெக்டா எப்படி சார் சொல்றீங்க? யாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்க."

"வாட்ச் நின்னு போச்சுங்க. ஆட்டோமேட்டிக்குங்க அது. கை வீசினாத்தான் ஓடும். இடது கையில கட்டியிருந்தா. அன்னைக்கு நின்னுச்சு." கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "நான் வாட்ச்ச ரிப்பேருக்குக் குடுத்தேனுங்க. மூணு தடவ குடுத்தேன்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "அப்பவே வந்திருந்தாலும் இப்பக் குடுக்கப்போற மாத்திரையேதான் சார் குடுத்திருப்போம். பெரிசா எதுவும் மாறியிருக்காது" என்றார். பெரிதாக என்றால் சின்னதாக எது மாறியிருக்கும் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. சின்னதாக, ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்க மாட்டார். குழுவில் வந்ததை வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்.

"அவரு மேல தப்பில்லீங்க டாக்டர்" என்றாள் சுலோச்சனா. "அந்த வாட்ச் நின்னா இவரு மூஞ்சி வாடிப் போகுதுங்க. சோறு எறங்காது. எனக்கு அந்தக் கை என்னமோ மந்தமா இருக்குதுன்னு தெரியுமுங்க, வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். இந்தக் கைக்கு மாத்திக் கட்டிப் பாத்தேன், ஓடுச்சு. ஓடுதுன்னு அவ்வளவு சந்தோசப்பட்டாருங்க. அந்த நேரத்துல போயி இதைச் சொல்லுவாங்களா?" வழித்துவிட்ட அந்த முகத்தில் அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. குரலில்தான் இருந்தது, பிள்ளைக்காகப் பரிந்து பேசுகிற குரல்.

டாக்டரம்மா ஒரு பேரைச் சொன்னார். அவர் மனசுக்குள்கூடச் சொல்லாமல் வைத்திருந்த அதே பேர்தான். கை ஆடாமலும் வரும் என்றார், இப்படி அடங்கிப் போவதில் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர் என்றார், பல வருஷம் நல்லபடியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். காதில் விழுந்தது, ஒன்றும் தங்கவில்லை. பிறகு, "ரெண்டு மணிக்கட்டையும் அசைச்சுப் பாக்கணும்மா. அந்த வாட்ச்சைக் கழட்டிடுங்க" என்றார். சுலோச்சனா வலது கையை நாச்சிமுத்துவின் பக்கம் நீட்டினாள். ராத்திரி படுக்கப் போகும்போது நீட்டுவாளே, அதே மாதிரி. ஜாங்கிரி வாங்கி வந்த அந்த வாரத்திலிருந்துதான் அது ஆரம்பித்தது. கட்டிலில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டுவாள். அவர் கொக்கியைத் திறந்து, கழற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டு, வார் பதிந்த தடத்தைக் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் தேய்த்துவிடுவார். கல்யாணமான புதிதில்கூட அவள் இப்படிக் கை நீட்டியதில்லை. பகலெல்லாம் முகம் கொடுக்காதவளுக்கு ராத்திரியில் நம்மேல் இவ்வளவு ஆசை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டுதான் அவர் தூங்கப் போவார். குழுவில் யாரிடமும் சொல்லாமல் தனக்கென்று வைத்திருந்த பெருமை அது ஒன்றுதான். இப்போது குனிந்து அந்தக் கொக்கியைப் பார்த்தார். அழுத்தித் திறக்கிற கொக்கி. திறக்க இன்னொரு கையில் ஒத்துழைக்கிற விரல் இரண்டு வேண்டும். அவளுடைய இன்னொரு கை மடியில் கிடந்தது. ஆசையாக நீட்டினாயா, வேறு வழியில்லாமல் நீட்டினாயா என்று ஒரே ஒரு கேள்வி. வீட்டுக்குப் போகிற ஆட்டோவில் கேட்கலாம். கேட்டால், "ஆசையாத்தானுங்க, பின்ன எதுக்கு?" என்று உடனே சொல்வாள், இவர் முகம் வாடிவிடக் கூடாதே என்று. அவரும் நம்பிவிடுவார். அதனால் என்றைக்கும் கேட்க முடியாது என்பது அவருக்கு அங்கேயே தெரிந்துபோனது. கொக்கியைத் திறந்து கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டாக்டரம்மா கையை எதிர்பார்த்துக் காத்திருந்தார். நாச்சிமுத்து அந்தத் தடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றார், விடத் தெரியாமல்.